மாஸ்க்குக்குள் மல்லிகை வாசனை

அந்த ஷெட்டுக்குள் நுழைந்ததும் இனிப்பான ஒரு வாசனை வரும். அழுகத் தொடங்கிய பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி இருக்கும். முதல் நாள் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. இரண்டாவது வாரத்தில் அந்த வாசனையே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாதான் மூக்கைச் சுளிப்பாள். "என்னடி துணியெல்லாம் இப்படி நாறுது? நேரா பாத்ரூமுக்குப் போ, எதையும் தொடாத" என்பாள். நான் என் தாவணியை முகர்ந்து பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பத்தாவது முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு சிறிய கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. கதவுக் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் பித்தளையில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. சேலையூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை. யாரிடமும் வாய் திறந்து பேச மாட்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கும். பேக்கிங் மேசையில் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அதனால் எனக்கு அந்த வேலை பிடித்துப் போனது.

வாசனை வந்தது ஷெட்டின் கோடியில், தடுத்துக் கட்டிய ஒரு ரூமில் இருந்த தொட்டியிலிருந்து. தரையில் பள்ளம் தோண்டி இரும்புத் தொட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். விளிம்பு என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். உள்ளே ஓர் ஆள் நின்று கையைத் தூக்கினாலும் விளிம்பு எட்டாது. அவ்வளவு ஆழம். அடியில் கொஞ்சம் மருந்து இருக்கும். அதைச் சூடாக்கினால் ஆவி எழும்பித் தொட்டியின் பாதி வரைக்கும் நிற்கும். கைப்பிடிகளைக் கூடையில் போட்டு, மேலே உத்தரத்தில் மாட்டியிருந்த, சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றி இறக்குகிற செயின் பிளாக்கில் தொங்கவிட்டு அந்த ஆவிக்குள் இறக்குவார்கள். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் வழிந்து போய், பொருள் பளபளவென்று உலர்ந்து மேலே வரும். மருந்தின் முழுப் பெயர் டிரம்மில் ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தது. அதன் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்து நாங்கள் 'டிரை' என்று சொல்வோம். சட்டையில் கறை பட்டால் அதில் நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். கறை இருந்த இடமே தெரியாது.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அக்காவின் வீட்டுக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இருவரும் பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரே சைக்கிளில் வருவார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து இரண்டு டிபன் தூக்கையும் பிடித்திருப்பார். வாசலில் இறங்கியதும் சண்டை தொடங்கும்.

"மேடு வந்தா எறங்கி நடக்கணும்னு அறிவு வாணாம்?"

"யோவ், ஏத்திக்கினு வர்றது நீ. நான் ஏன்யா எறங்கணும்?"

அண்ணன் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தலை வலிக்கும் என்று அக்கா சொல்வார். காலையிலிருந்து பாயை விட்டு எழாமல் சுருண்டு கிடப்பாராம். திங்கட்கிழமை வந்து தொட்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் வலி போய்விடும். "வூட்டு வேலைன்னா வலி, கம்பெனி வேலைன்னா சுகம்" என்று அக்கா கேலி செய்வார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அண்ணனும் லேசாகப் புன்னகைப்பார்.

எங்களுக்கெல்லாம் ரப்பர் கையுறை கொடுத்திருந்தார்கள். தொட்டியிலிருந்து வருகிற பொருளில் சில சமயம் ஈரம் மிச்சமிருக்கும். வெறும் கையில் பட்டால் தோல் வெளுத்து, வெடித்து, செதில் செதிலாக உரியும். புதுக் கையுறை வந்தால் அதை யாரும் வேலைக்குப் போட மாட்டோம். வீட்டுக்குக் கொண்டுபோய் பாத்திரம் தேய்க்கவும் கழிப்பறை கழுவவும் வைத்துக்கொள்வோம். கம்பெனியில் விரல் நுனி கிழிந்த பழசையே போட்டுக்கொள்வோம். கிழிசல் வழியாக உள்ளே போன மருந்து வெளியே வர வழியில்லாமல் விரலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெறும் கையை விட அதுதான் அதிகம் எரிந்தது. ஆனால் கையுறை போட்டிருக்கிறோமே என்ற தைரியம் எங்களுக்கு இருந்தது. தொட்டி வேலை செய்கிறவருக்குக் கம்பெனி தினமும் ஒரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் கொடுக்கும். உள்ளே போன புகையை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். சூப்பர்வைசர் சாரும் நம்பினார்.

ஒரு முறை பொருள் வாங்குகிற வெள்ளைக்காரர் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். தொட்டிப் பக்கம் போனவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஏதோ கேட்டார். அண்ணனின் முகத்தைச் சுட்டிக் காட்டினார். அவர் போனதும் சூப்பர்வைசர் சார் பாரிமுனைக்கு ஆளை அனுப்பி ஒரு மாஸ்க் வாங்கி வரச் சொன்னார். கறுப்பு ரப்பரில், மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி இருந்தது. கன்னத்துக்கு ஒன்றாக வட்டமான இரண்டு டப்பாக்களைத் திருகி மாட்ட வேண்டும். டப்பாக்கள் தனித்தனியாக வெள்ளி நிறக் கவரில் காற்றுப் புகாமல் ஒட்டி வந்தன.

அது வந்த வாரம்தான் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் எந்தப் புதுச் சாமானும் முதலில் சாமி முன்னால் போய்விட்டுத்தான் வேலைக்கு வரும். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். செயின் பிளாக்குக்கு மாலை போட்டோம். சூப்பர்வைசர் சார் மாஸ்க்கையும் இரண்டு கவரையும் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "கவரோட வச்சா சாமிக்கு இன்னா சார் தெரியும்? பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு முக்காடு போட்டுக் காட்ற மாதிரி கீது."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டு, "சரி, பிரிச்சே வைங்க" என்றார். கவரைக் கிழித்து டப்பாக்களை மாஸ்க்கில் திருகி, ஒவ்வொன்றிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தோம். பூஜை முடிந்ததும் சார் மாஸ்க்கைத் தொட்டி ரூம் வாசலுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்றார்.

பல வருடங்கள் கழித்து வேறொரு பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒருவர் பாடம் எடுத்தார். அந்த மாதிரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது கரித்தூள் என்று சொன்னார். கெட்ட ஆவியை அந்தக் கரிதான் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கவரைப் பிரித்த நேரத்திலிருந்தே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். யாராவது மாட்டியிருக்கிறார்களா, வெறுமனே ஆணியில் தொங்குகிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வயிறு நிறைந்த பிறகு அது வெறும் டப்பாதான் என்றார். இன்னொன்றும் சொன்னார். குழியிலும் தொட்டியிலும் ஆவி நிறைந்துவிட்டால் அங்கே மூச்சு விடக் காற்றே போதாது. அந்த இடத்தில் புதுக் கரிகூடக் காப்பாற்றாது. சுற்றி இருந்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை நகரவில்லை. எங்கள் மாஸ்க் ஒரு வருடம் முழுக்கத் தொட்டி வாசலில், அதே ஆவியில் தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணிப் புகை வேறு காட்டினோம். கவர் விஷயத்தை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவே இல்லை.

அண்ணன் அதைத் தினமும் மாட்டமாட்டார். "மூச்சு முட்டுது, வேர்க்குது" என்பார். வெளியாள் யாராவது வந்தால் மாட்டிக்கொள்வார். அவர்கள் போனதும் கழற்றித் திரும்பவும் ஆணியில் தொங்க விடுவார். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவை மாதிரி அது பத்திரமாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் வேலை கிடையாது, சுத்தம் செய்வதுதான். தொட்டியின் அடியில் ஒரு வருட எண்ணெய்க் கசடு தார் மாதிரி படிந்திருக்கும். மருந்தை டிரம்முக்கு மாற்றிவிட்டு யாராவது உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் அண்ணன்தான் இறங்குவார். முந்தைய வருடங்களில் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்சம் சுரண்டுவார், மூச்சு முட்டியதும் மேலே ஓடி வருவார். வாசலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பவும் இறங்குவார். முழு நாளும் போய்விடும்.

அன்று காலை சூப்பர்வைசர் சார் சொன்னார்: "இந்த வருஷம் மாஸ்க் இருக்குப்பா. சும்மா சும்மா மேல வந்துட்டிருக்க வேணாம். ஒரே தம்முல முடிச்சுட்டா மத்தியானமே பூஜை சாமான் வாங்கப் போயிடலாம்."

"அதுவும் சரிதான் சார்" என்றார் அண்ணன்.

மாஸ்க்கை இறக்கித் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு வருடக் குங்குமமும் சாம்பிராணிக் கரியும் ஒட்டடையும் அதன் மேல் இருந்தன. ஈரத் துணியால் ரப்பரைத் துடைத்தேன். டப்பாவின் சின்னச் சின்னத் துளைகளில் அடைத்திருந்த குங்குமத்தைத் துடைப்பக் குச்சியால் எடுத்தேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக் காட்டு, எப்பிடி கீதுன்னு பாப்போம்."

"ஐயோ, வேணாங்க்கா."

"இன்னாடி வெக்கம்? மாப்பிள்ளையா நிக்கிறான் இங்க?"

அவரே என் கையிலிருந்து வாங்கி என் முகத்தில் மாட்டிப் பின்னால் வாரை இழுத்தார். "பன்னி மூஞ்சி கணக்கா கீது" என்று குனிந்து சிரித்தார். அன்று அவர் தலையில் நிறைய மல்லிகை வைத்திருந்தார். குனிந்தபோது அந்த மல்லிகை என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

எனக்கு மல்லிகை வாசனை வந்தது.

இரண்டு உள்ளங்கையாலும் ரப்பரை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்தேன். ஓரத்தில் எங்கும் காற்று நுழையவில்லை. டப்பா வழியாகத்தான் மூச்சு வந்தது. மல்லிகையும் அதன் வழியாகவே வந்தது. அதற்குப் பின்னால் பழைய சாம்பிராணி. அதற்கும் பின்னால், நான் மறந்தே போயிருந்த அந்த இனிப்பு.

மாஸ்க்கைக் கழற்றினேன். எனக்கு ஒன்றும் தெரியாது, படித்தது பத்தாவதுதான். பூ வாசனையை நிறுத்தத் தெரியாதது அதை மட்டும் எப்படி நிறுத்தும் என்பது மட்டும்தான் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "மெய்யாலுமா? போய் சார் கையில சொல்லு."

"நீங்க சொல்லுங்கக்கா."

"மூக்கு உன்னுது. உனக்குத்தான தெரிஞ்சுது. போ."

சூப்பர்வைசர் சாரும் அண்ணனும் தொட்டி விளிம்பில் நின்று ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். அந்தக் கம்பெனியில் நானாக சாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார்... இதைப் போட்டா உள்ளே பூ வாசனை வருது சார்."

"பூ வாசனையா? நல்லதுதானேம்மா."

"இல்ல சார். வெளியில இருக்கற பூ. அது வரக்கூடாது இல்லையா சார்?"

சார் மாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இம்போர்ட்டட் பீஸ். ஒரு தடவைகூட சரியா யூஸ் பண்ணல. புதுசும்மா இது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அது புதுசு என்றுதான் நினைத்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அண்ணன் என்னைப் பார்த்து, "பூ வாசனை வந்தா வந்துட்டுப் போவுது தங்கச்சி. பொண வாசனை வராம இருந்தா சரி" என்றார்.

எனக்குப் பின்னால் வந்து நின்ற அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "நல்ல நாள் அதுவுமா வாயில இன்னா வருது பாரு. யோவ், கயிறு கட்டிக்கினு எறங்கு."

"நான் இன்னா கூடையா?"

"கூடையே. அத்த மாட்டற கொக்கியிலதான் உன்னையும் மாட்டப் போறேன். கட்ட மாட்டேன்னா வுடு, வூட்டுக்குக் கிளம்பலாம்."

அண்ணன் சாரைப் பார்த்தார். சார், "கட்டிக்கோப்பா, பொம்பளை திருப்திக்கு" என்றார். அக்கா தாம்புக் கயிற்றை அண்ணனின் அக்குளுக்குக் கீழே சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டார். மறுமுனையைச் செயின் பிளாக்கின் கொக்கியில் மாட்டினார். அண்ணன் கூச்சத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டதும் அவர் முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. சுரண்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சார் ஆபீஸ் ரூமுக்குப் போனார். மற்றவர்கள் வெளியே ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் விளிம்பைச் சுற்றியிருந்த கைப்பிடிக் கம்பியைத் துடைத்தோம். கீழேயிருந்து கரக், கரக் என்று சுரண்டும் சத்தம் ஒரே சீராக வந்தது. அவ்வப்போது அக்கா எட்டிப் பார்த்து, "வாளியத் தூக்கவா?" என்று கேட்பார். "இரு" என்ற பதில் ரப்பருக்குள்ளிருந்து அடைத்த குரலில் வரும்.

பழைய வருடங்களாக இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று தடவை மேலே வந்திருப்பார். அதை நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாய்யா சிரிப்பு?" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லமே. காலு கூசுது."

"கூசினா மேல வா."

"நல்லாத்தான் கீது."

திரும்பவும் சிரித்தார். சின்னப் பிள்ளையின் வயிற்றில் விரல் வைத்தால் வருகிற சிரிப்பு மாதிரி இருந்தது. தொட்டியின் இரும்புச் சுவரில் பட்டு அது எங்கள் முகத்துக்கு வந்தது. துணியோடு என் கை கம்பியில் அப்படியே நின்றது. சுரண்டும் சத்தம் கரக் என்று ஒரு தடவை வந்தது. அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தடவை. பிறகு சுரண்டி விழுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"யோவ்."

பதில் இல்லை.

"யோவ், இன்னா பண்ற?"

இருவரும் எட்டிப் பார்த்தோம். அண்ணன் கசடு மேல் உட்கார்ந்து தொட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன. மாஸ்க் முகத்தில் நேராகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து தூங்கிப்போனவர் மாதிரி இருந்தார்.

அக்கா அலறவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலை விளிம்புக்கு மேல் போட்டு ஏணிப்படியைத் தேடினார். நான் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். எதற்காகப் பிடித்தேன் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காதில் அந்தச் சிரிப்பு இருந்தது. அவரும் இறங்கிவிட்டால் அவரும் சிரிப்பார் என்று மட்டும் தோன்றியது.

"வுடுடி. வுடுடீ, பாவி."

"வேணாங்க்கா. இறங்காதீங்கக்கா."

என் கையை நகத்தால் கிழித்தார். தோளில் கடித்தார். முழங்கையால் என் நெஞ்சில் இடித்தார். நான் தரையில் காலை ஊன்றி, அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எனக்கே தெரியாத குரலில் கத்தினேன். "சார்! சார்! செயினை இழுங்க சார்!"

சார் ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். அவருக்கும் முதலில் ஏணிப் பக்கம்தான் கால் போனது. "இறங்காதீங்க சார், செயின், செயின்" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் செயினைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

செயின் பிளாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை வலிக்க இழுத்தாலும் கொக்கி ஒரு விரற்கடைதான் ஏறும். கடகடவென்று சத்தம் பெரிதாக வரும், பாரம் மட்டும் அசைந்தே கொடுக்காது. தளர்ந்து கிடந்த கயிறு முதலில் நிமிர்ந்தது. பிறகு இறுகியது. அண்ணனின் தோள் எழும்பியது, தலை முன்னால் தொங்கியது. உட்கார்ந்த நிலையிலேயே சுவரோடு உரசிக்கொண்டு ஏறினார். வெளியே இருந்தவர்கள் ஓடி வந்து சாரோடு சேர்ந்து இழுத்தார்கள். பாதித் தூரம் வந்ததும் அவர் தோள் ஏணிப்படிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மேலே வர மறுத்தது.

"இறக்கு" என்றார் சார்.

"இறக்கவா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இறக்குப்பா, கொஞ்சம் இறக்கினாத்தான் விடும்."

அண்ணனைத் திரும்பவும் கீழே இறக்கினார்கள். அக்கா என் கைக்குள் அப்படியே நின்றுவிட்டார். அதுவரை திமிறிக்கொண்டிருந்த உடம்பு கட்டை மாதிரி ஆனது. ஒருவர் ஏணியை ஒரு பக்கம் தள்ளினார். திரும்பவும் செயின் கடகடத்தது. தலை முடி தெரிந்தது, நெற்றி தெரிந்தது. நாலைந்து கைகள் கயிற்றையும் சட்டையையும் பிடித்து வெளியே இழுத்தன.

வாசலில் இருந்த புங்க மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சார் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். ரப்பர் பதிந்த இடம் முகத்தில் ஒரு வட்டமாகச் சிவந்திருந்தது. அதற்குள்ளே உதடு நீலமாக இருந்தது. சார் அவர் நெஞ்சை அழுத்தினார். ஒருவர் தண்ணீர் ஊற்றினார். அக்கா அவர் காலைத் தன் மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "எழுந்துரு, வூட்டுக்குப் போலாம், எழுந்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்றேன். என் கையில் ரத்தம் வழிந்ததே அப்போது எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் இருமினார். ஒருக்களித்து வாந்தி எடுத்தார். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோவுக்குள் இடம் இல்லை என்பதால் நான் போகவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் உயிர் இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உயிர் இருந்தது.

பூஜை முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பி, நகக் காயத்தைப் பார்த்தார். பிறகு இட்லித் தட்டுக்கே திரும்பினார்.

அண்ணனின் கீழுதட்டில் சட்னி ஒட்டிக்கொண்டு முகவாய் வரை வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அக்காதான் துடைத்தார்.

"முகத்துல உணர்ச்சி இல்ல இவருக்கு" என்றார் அக்கா. "நேத்து காப்பி வாயிலேர்ந்து வழிஞ்சு சட்டையெல்லாம் ஆச்சு. இவருக்குத் தெரியல. நரம்பு செத்துடுச்சாம். வரும், வராமலும் போகலாம்ங்கறாரு டாக்டர்."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது.

"பயந்துட்டியா தங்கச்சி?"

"ஆமாண்ணா."

"நான் பயப்படல. அதான் எனக்கு ஆச்சரியமா கீது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? உடம்பே இல்லாத மாதிரி. இவ கூப்டறது காதுல உழுந்துச்சு. யாரோ யாரையோ கூப்டறாங்கன்னு நெனச்சேன். மேல வரணும்னே தோணல."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "வாய மூடு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். கம்பெனியில் தொட்டிக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். மேலேயே நின்று கசடை வாரும்படி ஃபிட்டர் நீளமான கைப்பிடி வைத்த ஒரு கரண்டியைச் செய்து கொடுத்திருந்தார். இனி யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணனை எங்களோடு பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். கைப்பிடிகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார். நாங்கள் பேசுகிற எதற்கும் சிரிக்க மாட்டார். முகச் சவரம் செய்துகொள்ளும்போது அடிக்கடி வெட்டிக்கொள்வார். ரத்தம் காய்ந்திருப்பதை நாங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

டீ நேரத்தில் மற்ற ஆண்கள் வாசலுக்குப் போவார்கள். அண்ணன் போகமாட்டார். முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் டீயை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போன அக்கா, தொட்டி ரூம் வாசலில் போய் நின்றார். நானும் அவர் பின்னால் போயிருந்தேன். அண்ணன் உள்ளே விளிம்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, கிணற்றில் முகம் பார்ப்பவர் மாதிரி குனிந்திருந்தார். மருந்து சூடாகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தார்.

அக்கா சண்டை போடவில்லை. "டீ ஆறுது, வா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் வந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் வந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அக்கா தன் ஸ்டூலை மேசையின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே வெளிச்சம் குறைவு, விசிறிக் காற்றும் வராது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் தொட்டி ரூமின் கதவு நேராகத் தெரியும். நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும் வரைக்கும் அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கைகள் பாட்டுக்குக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் குனிந்து கையைப் பார்த்து நான் பார்த்ததில்லை.